என் மாணவன் ஒப்பமிட்ட அறிக்கை

பதினாறு வருடம் கல்லூரியில் கொங்கிறீட் பற்றிப் படிப்பித்துவிட்டு, நகரசபையில் பொறியியலாளராகச் சேர்ந்தேன். நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடங்கள் உறுதியாக இருக்கின்றனவா என்று தனியார் பொறியியலாளர்கள் எழுதி அனுப்பும் அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை.

வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம், நகரின் வில்லரேப் பகுதியில் உள்ள ஓர் அடுக்குமாடியின் அறிக்கை வந்தது. ஒப்பம் என் பழைய மாணவனுடையது. வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்டவன். சந்தோஷமாகத்தான் வாசித்தேன். மூன்றாவது படத்தில் ஒரு சிவப்புக் கார், சக்கரத்தடியில் ஈரம். முந்தைய அறிக்கையைத் தேடி எடுத்தேன். ஐந்து வருடம் பழையது. அதே கார், அதே ஈரம்.

படம் தவறுதலாக மாறியிருக்கலாம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. தொலைபேசியில் அழைத்தேன்.

"நேரிலை போய்ப் பார்த்தனியோ?"

"ஓம் ரீச்சர். பார்க்காமல் ஒப்பம் வைப்பனோ?"

"எந்த நாள்?"

"பேந்து பார்த்துச் சொல்லுறன்."

மறுநாள் காலை சுத்தியலோடு போனேன். சொல்லாமல் போன என்னைக் கட்டட உரிமையாளர் கோப்பியோடு வாசலில் எதிர்கொண்டார். "நீங்கள் எங்கட ஆக்கள்தானே, மேலோட்டமாய்ப் பாருங்கோவன்" என்றார். கோப்பியை நான் வாங்கவில்லை.

நல்ல கொங்கிறீட்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். மேல் தளக் கார்கள் நிற்கும் அந்தக் கூரையில் வெறும் பெட்டியின் ஒலிதான். குளிர்காலத்தில் பனியை உருக்கத் தெருவில் கொட்டும் உப்பு, கார்ச் சக்கரங்களோடு உள்ளே வந்து கொங்கிறீட்டுக்குள் இருந்த கம்பிகளைத் தின்றிருந்தது. உள்ளங்கை அகலத் துண்டொன்று உடைந்து என் காலடியில் விழுந்தது. அன்றே தரிப்பிடத்தை மூட வைத்தேன்.

மாலையில் அவன் என் அலுவலகத்துக்கு வந்தான்.

"நான் வாறதை அவருக்கு நீயோ சொன்னனி?"

"ஓம். நீங்கள் நாள் கேட்டவுடனை வருவியளெண்டு விளங்கிட்டுது." தலை நிமிரவில்லை. "வேறை ஆள் போய்ப் பார்த்ததெண்டு கொம்பனியிலை சொன்னவை. நம்பி ஒப்பம் வைச்சிட்டன். இதை உங்களோடையே வைச்சிருக்கேலாதோ ரீச்சர்?"

"அதுக்குக் கீழை சனம் நடமாடுது."

பொறியியலாளர் சங்கத்துக்கு எழுதினேன். ஒப்பமிடும் உரிமையைச் சில காலத்துக்கு அவன் இழந்தான். கடிதத்தை அனுப்பிய கையோடு, என் மற்ற மாணவர்கள் ஒப்பமிட்ட அறிக்கைகளையும் இழுத்து எடுத்தேன். எதிலும் பிழை இல்லை. இருந்தும், முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தேன்.