பெரியப்பாவுக்காக நான் போட்ட ஓட்டு

"ஆ வோத்தே" என்று அந்த அதிகாரி உரக்கச் சொன்னது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. வாக்களித்தாயிற்று என்று பொருள். பிரெஞ்சுத் தேர்தலில் உறை பெட்டிக்குள் விழுந்ததும் இப்படி எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிப்பது வழக்கம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக்காரர்களுக்கும் அதில் ஓட்டு உண்டு. அன்று எனக்காக ஒரு முறை சொன்னார். பிறகு நெல்லித்தோப்பு வீட்டில் கட்டிலோடு கிடந்த என் பெரியப்பாவின் பெயரைப் படித்துவிட்டு இன்னொரு முறை சொன்னார். உள்ளே தெரியும் பெட்டி அது. இரண்டு உறைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றை மற்றொன்று அடித்துப் போடும் உறைகள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். பெரிய மார்க்கெட்டில் அவர் தலை தெரிந்தாலே மீன்காரம்மா, "முசே வந்துட்டாரு, பெரிய மீனா எடுத்து முன்னாடி வையி" என்று பிரெஞ்சுத் துரையாக்கிக் கேலி செய்வாள். அவரும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணக்கம் சொல்வார். அப்பா செத்த பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். என்னையும் தன் மகளையும் ஒரே தட்டில் பிசைந்து ஊட்டியவர். அவரைப் பற்றிக் கசப்பாக எழுத எனக்குக் கை வராது. ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது.

பெரியம்மா போய், அவர் மகளான அக்காவும் கல்யாணமாகிப் பாரிஸ் பக்கம் குடியேறிய பிறகு அவருக்குப் பேச்சுத் துணை டி.வி.தான். பிரெஞ்சுச் செய்தி நாள் முழுக்க ஓடும். அதில் ஒரு தலைவர் வருவார். நாட்டின் எல்லாக் கேட்டுக்கும் வந்தேறிகள்தான் காரணம், கோர்ட்டும் பத்திரிகையும் தன் கையைக் கட்டிப் போடுகின்றன, மக்கள் தன்னை மட்டும் நம்பினால் போதும் என்பார். சேனலை மாற்றினால் வேறொரு நாடு, வேறொரு முகம், பேச்சு மட்டும் அதேதான். பெரியப்பா எல்லோருக்கும் சலிக்காமல் தலையாட்டினார். "நாலு பேரு கூடிப் பேசிக்கினே இருந்தா ஒண்ணும் ஆவாது. ஒருத்தன் சொல்லணும், மத்தவன் கேக்கணும். பட்டாளத்துல அப்பிடித்தான் இருந்தோம். இன்னா கெட்டுப்போச்சு?"

"அவங்க வெரட்டணும்னு சொல்றது நம்மளையும் சேத்துத்தான் பெரியப்பா" என்பேன். "போடி பைத்தியம். நாம எங்க வந்தேறி? அந்தக் கொடிக்குக் கீழ துப்பாக்கி புடிச்சு நின்னவன் நானு. அவங்க மத்தவங்களச் சொல்றாங்க" என்பார். அந்த 'மத்தவங்க' யார் என்று கேட்டால் அரபுக்காரர்கள், ஆப்பிரிக்கக்காரர்கள் என்று அடுக்குவார். அவர்களில் பாதிப் பேரோடு ஒரே பட்டாளக் கொட்டடியில் படுத்து எழுந்தவர் இவர்.

அந்தத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அக்கா மகளிடம் பஸ்ஸில் ஒருவன், உன் நாட்டுக்குப் போ என்று கத்தினான். அவள் பிறந்ததே அங்கேதான். புதுச்சேரியை லீவுக்கு வந்து பார்த்ததோடு சரி. அக்கா போனில் அழுதுகொண்டே சொன்னாள். பெரியப்பாவின் முகம் வெளுத்துப் போனது. இனிமேல் மாறிவிடுவார் என்று நான் உறுதியாக நம்பினேன். போனை வைத்ததும் மெதுவாகச் சொன்னார்: "அரபுக்காரப் பொண்ணுன்னு நெனச்சிருப்பான். இதுக்குத்தான் சொல்றேன். அவங்கள வெரட்டிட்டா நம்ம புள்ளைய ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்." பேத்தி மேல் வைத்த உயிரால்தான் அவர் அந்தப் பக்கம் போகிறார் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

நடக்க முடியாதவர் தன் ஓட்டைப் போடும் பொறுப்பை நம்பிக்கையான இன்னொரு வாக்காளரிடம் கொடுக்கலாம் என்பது பிரெஞ்சு முறை. என்னிடம் கொடுத்தார். காலையில் கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மாத்திப் போட்டுட மாட்டியே?" என்றார். "மாட்டேன்" என்றேன்.

திரைக்குப் பின்னால் இரண்டு உறைகளோடு நின்றேன். எனக்கான பெயர்ச் சீட்டைப் போட்டு மூடிவிட்டேன். அவருடைய உறை காலியாக இருந்தது. மாற்றிப் போட்டால் கேட்க ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் உனக்கு எது நல்லது என்று உன்னைவிட எனக்குத் தெரியும், நானே முடிவு செய்கிறேன் என்பதுதானே அந்தத் தலைவரும் சொல்வது? அதை நானும் செய்வதா? அப்படி நினைத்தபோதே பஸ்ஸில் நின்ற அந்தப் பெண்ணின் முகமும் வந்தது. ஆனாலும் அவர் சொன்ன பெயரையே உறைக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்ததும், "போட்டுட்டியா?" என்றார். "போட்டுட்டேன்." அன்று மத்தியானம் அவர் குழந்தை மாதிரி தூங்கினார்.

அந்த முறை அந்தத் தலைவர் ஜெயிக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். இப்போது மறுபடியும் தேர்தல் வருகிறது. இந்த முறை அந்தத் தலைவர் வந்துவிடுவார் என்று எல்லோரும் பேசுகிறார்கள், அது ஏதோ வெயில் காலம் வருவதுபோல. செய்தியில் அந்த முகம் வரும்போதெல்லாம், பக்கத்தில் பெரியப்பா உட்கார்ந்து தலையாட்டுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. பயத்தில் டி.வி.யை அணைத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பேசினாள். "இங்க இருக்கவே பயமாக் கீதுடி. ஊருக்கே வந்துடலாமான்னு பாக்குறோம். நெல்லித்தோப்பு வீட்டத் தொறந்து கழுவி வையி." சரி என்றேன். பிறகு, "அப்பா மட்டும் இருந்திருந்தா இந்தத் தடவையும் அவங்களுக்கு எதிரா இன்னொரு ஓட்டு விழும், இல்ல? கடைசித் தடவ நீதான போட்ட?" என்றாள்.

"நான்தான் போட்டேன். உம் பொண்ண நெனச்சுத்தான் போடச் சொன்னாரு" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அக்கா விசும்பிக்கொண்டே அதை மகளிடம் பிரெஞ்சில் சொல்வது கேட்டது. அந்தப் பெண் போனை வாங்கினாள். தட்டுத் தடுமாறித் தமிழில், "சித்தி, தாத்தா கல்லறையில எனக்காக நீங்க பூ வைக்கணும்" என்றாள். வைக்கிறேன் என்றேன்.