எல்லைக்கல்லுப் பிள்ளையார்

இத்தாலியிலை, பலெர்மோ நகரம் முடியிற இடத்திலை, பகேரியாவுக்குப் போற வழியிலை இருந்தது நான் வேலை செய்த வயசான சிஞ்ஞோராவின்ரை வீடு. வீட்டுக்குப் பின்னாலை எலுமிச்சைத் தோட்டம். தோட்டத்து மூலையிலை ஒரு அறை. சிஞ்ஞோராவைக் குளிக்க வார்த்து, சமைச்சுக் குடுத்து, அந்த அறையிலைதான் நான் இருந்தன். என்ரை மனுசன் கண்ணை மூடினதும் அதுக்குள்ளைதான்.

வந்த புதுசிலை அறை வாசல் பத்தையை வெட்டேக்கை ஒரு கல்லைக் கண்டன். முழங்கால் உயரம், உருண்டைத் தலை. எனக்குக் கோயிலுக்குப் போய்ச் சனத்தோடை நிக்கவும் கூச்சம். கல்லைக் கழுவி, திருநீறு பூசி, பிள்ளையார் எண்டு கும்பிட்டன். வெள்ளிக்கிழமையிலை விளக்கு வைச்சன்.

போன வருசம் சிஞ்ஞோரா தோட்டத்தை வித்தா. வீடு பலெர்மோவுக்கை, தோட்டத்திலை முக்கால்வாசி பக்கத்து ஊருக்கை. அந்த ஊருக்கை வாற நிலம் எல்லாம் வாங்கினவனுக்கு எண்டு பத்திரத்திலை எழுத்து. ரண்டு ஊருக்கும் எல்லை எதெண்டு அளக்கச் சேர்வேயர் வந்தான். அவன் சொன்னதை நான் கோப்பித் தட்டோடை நிண்டு கேட்டுக்கொண்டிருந்தன்.

"பழைய அளவையிலை கல்லுக்குக் கல்லு நேர்கோடு எண்டு கிடக்கு. றோட்டுக் கரைக் கல்லு இருக்கு, மற்றதைக் காணேல்லை. இல்லாட்டி வாய்க்கால் நடுதான் எல்லை."

"கல்லு கிடைச்சால்?" எண்டா சிஞ்ஞோரா.

"கல்லுதான் சட்டம். வரைபடம், இந்த மெசின் எல்லாம் அதுக்குப் பிறகு."

வாய்க்கால் என்ரை அறைக்கு அங்காலை ஓடுது. அப்ப அறை தப்பும். பின்னேரம் அவன் மெசினைப் பெட்டிக்கை வைக்க, எனக்கு நெஞ்சு ஆறிச்சுது. அண்டைக்கு வெள்ளிக்கிழமை. சந்தோசத்திலை பிள்ளையாருக்கு விளக்கேத்தி, ஒரு எலுமிச்சம் பூவும் வைச்சன்.

அந்த வெளிச்சம் அவன்ரை கண்ணிலை பட்டுது. வந்து பிள்ளையாருக்கு முன்னாலை முழங்காலிலை இருந்தான். கும்பிடுறானாக்கும் எண்டு நினைச்சன். பெருவிரலாலை திருநீற்றைத் துடைச்சான். கீழை வெட்டின எழுத்து. எத்தினை தரம் கழுவியிருப்பன், அழகுக்கு வெட்டினது எண்டெல்லோ இருந்தன்.

"சிஞ்ஞோரா! உங்கட வேலைக்காரி எல்லைக்கல்லை மினுக்கி வைச்சிருக்கிறா!"

அவ பொல்லை ஊண்டிக்கொண்டு வந்து பாத்தா. இருமல் வருமட்டும் சிரிச்சா.

"பாவமடி. இவ்வளவு காலம் கும்பிட்டாய், உன்ரை கடவுளே உன்னைக் காட்டிக் குடுத்திட்டார்."

சேர்வேயர் அளவுக் கம்பை என்ரை கையிலை தந்தான். கல்லுக்கு மேலை நேராய்ப் பிடிக்கச் சொன்னான். மாட்டன் எண்டு சொல்லத் தெரியேல்லை. பிள்ளையாற்றை தலையிலை கம்பை வைச்சுப் பிடிச்சன். கோடு வாசலாலை போச்சு. அறை அங்காலை, வாங்கினவன்ரை பக்கம்.

சிஞ்ஞோராவின்ரை வீட்டுக்குள்ளை மூண்டு அறை சும்மா கிடந்தது. ஒண்டைத் தாங்கோ எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை. அவவும் வந்து இரு எண்டு சொல்லேல்லை. என்ரை வேலைக்கு இளம் பிள்ளை ஒண்டைப் பிடிச்சிட்டா, பகலிலை வந்து போறவள்.

அறையை இடிக்க வந்த அண்டைக்குப் பிள்ளையாரைத் தோண்டப் போனன்.

"தொடாதை! எல்லைக்கல்லை அசைச்சால் பொலிஸ் வரும். அவர் இருக்கட்டும், நீ போ," எண்டு சிஞ்ஞோரா ஜன்னலாலை கத்தினா.

இப்ப பலெர்மோவுக்கை, வியா மக்வேதாத் தெருவிலை மகள் வீட்டுக் குசினியிலை படுக்கிறன். பாய் விரிக்கேக்கை மகள் சொன்னாள்:

"ஆரம்மா உங்களை அந்தக் கல்லைக் கழுவச் சொன்னது? பத்தைக்குள்ளை கிடந்தது கிடந்திருக்கும். இப்ப நாங்கள் விடிய உங்களைத் தாண்டித் தேத்தண்ணி வைக்கிறம்."

அவளின்ரை சாமித்தட்டிலையும் ஒரு பிள்ளையார் இருக்கிறார். வெள்ளிக்கிழமையிலை என்னை விளக்கேத்தச் சொல்லுவாள். கால் நோகுது எண்டு சொல்லிப்போட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திடுவன்.