தண்ணீர் மாறியதை நான் சொல்லவில்லை

பிள்ளைகளே, ஏழுமலைப் பெரியப்பாவின் வேலை போனதற்குக் காரணம் நான். சாயத்தில் அவர் தவறு செய்துவிட்டார் என்று உங்களிடம் சொன்னது பொய்.

பொறாமைதான்... இதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் நாங்கள் இருவரும் பட்டுக்குச் சாயம் ஏற்றி வந்தோம். அடுப்புக்கும் அண்டாவுக்கும் தினம் சண்டை. பொறுக்கமாட்டாமல் முதலாளியம்மா ஓர் ஏற்பாடு செய்தார். அடுப்பு, விறகு, தண்ணீர் எல்லாம் பொது. ஒருவர் வேலையில் குறை வரப்போவது தெரிந்தால் மற்றவர் உடனே சொல்லிவிட வேண்டும். ஆனால் மாதிரி நிறத்தை மட்டும் தனித்தனியே போட வேண்டும். கடைக்காரர் கேட்ட நிறத்தோடு யாருடையது ஒத்துப்போகிறதோ, கல்யாணப் பட்டுக்குச் சாயமேற்றும் வேலை அவருக்கு.

சண்டை நின்றது. பட்டறையும் நன்றாக நடந்தது. ஆனால் ஜெயித்தவர் பெரும்பாலும் அவர்தான்! அரக்கு நிறம் கேட்டு வரும் கடைக்காரர்கள் என்னைத் தாண்டிப் போய் அவரிடம் நிற்பார்கள். உங்கள் அம்மாகூட ஒருநாள், அந்த அண்ணன் போட்ட கலரில் தனக்கொரு புடவை வேண்டும் என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டறைக்கு மேஸ்திரி போடப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்த சமயம்... நல்ல தண்ணீர் லாரி வரவில்லை. தொட்டியில் போர்த் தண்ணீரை நிரப்பினார்கள். அந்த உப்புத் தண்ணீரில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். முன்பே பிடித்துவைத்த நல்ல தண்ணீரில் நான் என் பட்டைப் போட்டுவிட்டேன். தாமதமாக வந்த பெரியப்பா, கல்யாணப் பட்டுக்குத் தொட்டியிலிருந்தே மொண்டார். அவர் ஏன் சந்தேகப்படப்போகிறார்? நான்தான் பக்கத்தில் இருந்தேனே!

பார்த்துக்கொண்டே நின்றேன். வாய் திறக்கவில்லை.

பட்டு உலர்ந்ததும் திட்டுகள் தெரிந்தன. முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி மாறினத அவருக்குச் சொன்னியாபா?"

"சொன்னேம்மா."

பெரியப்பா என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, "சொல்லியிருப்பாம்மா. எனக்குத்தான் காதுல விழல" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார்? என்னைக் காப்பாற்றவா... அங்கேயே என்னை அறையவா? இன்றுவரை விளங்கவில்லை. நான் மேஸ்திரி ஆனேன். அவர் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்கிறார்.

போன வாரம் முசரவாக்கம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உங்களையெல்லாம் விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "சும்மா நின்னுக்கினே இருக்க முடியலபா. முதலாளியம்மாகிட்ட எனக்காகக் கேட்டுப் பாக்கிறியா? உன் கீழயே செய்றேன்" என்றார்.

கேட்கிறேன் என்றேன்.

கேட்கவில்லை. அவர் திரும்பி வந்தால், என் கண்ணெதிரே மறுபடியும் அவர் கைதானே ஜெயிக்கும்... இதை எழுதும்போதுகூட அந்த நினைப்பு என் நெஞ்சை எரிக்கிறது! இன்று காலை முதலாளியம்மாவே, சாயம் போட ஒரு நல்ல ஆள் வேண்டும், தெரிந்தவர் யாராவது உண்டா என்று என்னிடம் கேட்டார்.

யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.