பச்சை உறை போட்ட புத்தகம்

ஆலங்குடாத் தையல்காரி பரீனாவின் வீட்டுக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் யாரும் போவதில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. யுத்தம் முடிந்து நாலு வருடமாகியும் இங்கேதான். நாள் முழுக்க அவள் வீட்டில் சனம்; சட்டை தைக்கக் கொண்டுவருகிறவர்கள் ஊர்க் கதையையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் முக்காட்டை எடுக்காமலே, பச்சைத் துணி உறை போட்ட புத்தகத்தோடு யன்னலோரம் இருப்பாள். குர்ஆன் ஓதுகிறாள் என்று நினைத்து, வந்தவர்கள் வேலிக்கு வெளியே காத்து நிற்பார்கள். ஓதுகிறவரை இடையில் கூப்பிட யாருக்கு மனம் வரும்?

அது நாவல். கண்டக்குழி மக்டலின் டீச்சரிடம் இரவல் வாங்கியது. பிறர் புத்தகத்தில் கறை படக்கூடாதென்று மிஞ்சிய துணியில் உறை தைத்து, கை கழுவித்தான் திறப்பாள். சனம் நினைப்பது அவளுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்ல அவளுக்கென்ன தலையெழுத்தா?

கெடுத்தது பக்கத்து வீட்டு சாரா உம்மா. நெத்தலி மீன் துப்புரவாக்கிய கையோடு, கலியாணச் சட்டை முடிந்ததா என்று பார்க்க வந்தவர் அரை மணி நேரம் வெயிலில் நின்றார். உள்ளே பரீனா சிரிப்பது கேட்டது. ஓதும்போது யார் சிரிப்பார்? விறுவிறென்று நுழைந்து புத்தகத்தைப் பறித்துப் பார்த்தார்.

"கதப் புத்தகமா புள்ள? இதுக்கா நான் வெயில்ல காஞ்சன்?"

திறந்திருந்த பக்கத்தில் அவருடைய விரல்கள் மீன் கறையாய்ப் பதிந்திருந்தன. பரீனாவுக்கு அழுகை வந்துவிட்டது.

சேதி பரவி, மறுநாளிலிருந்து அந்த நேரத்திலும் சனம் வந்தது. கதைப் புத்தகம்தானே, பிறகு வாசிக்கலாம் என்றார்கள். ஒரு வாரத்தில் அவளால் நாலு பக்கம்கூட வாசிக்க முடியவில்லை. கடைசியில் சட்டை வாங்க வந்த சாரா உம்மாவிடமே சொன்னாள்.

"அது டீச்சர்ட அமானிதம், உம்மா. இந்தக் கறையோட எந்த மூஞ்சய வச்சுக் குடுக்கிற? குடுத்திட்டு, இனிப் புத்தகமே வாங்க மாட்டன்."

அமானிதம் என்ற சொல் சாரா உம்மாவைச் சுட்டது. ஹஜ்ஜுக்குப் போன அயலவள் நம்பி ஒப்படைத்த நகையை ஆறு வாரம் தலையணைக்கடியில் வைத்துக் காத்தவர் அவர். அடுத்த நாளே பஸ் ஏறிக் கண்டக்குழிக்குப் போய், கறை தன் கையால் பட்டதென்று டீச்சரிடம் ஒப்புக்கொண்டார். வாசித்து முடித்துவிட்டே தரட்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பினாள்.

அன்று அஸருக்குப் பிறகு தைக்கக் காற்சட்டை கொண்டுவந்த, சேதி எட்டாத உம்மு குல்தூம், பரீனாவின் வாசலில் சாரா உம்மா கதிரை போட்டு இருப்பதைக் கண்டாள். உள்ளே ஓதுகிறாளா என்று கேட்டாள்.

"இல்ல. கதப் புத்தகம் வாசிக்கிறா. அஞ்சு மணிக்கு வாங்க."

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. உம்மு குல்தூம் எட்டிப் பார்க்கப் போக, சாரா உம்மா கதிரையை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டார்.