பஞ்சுக்கை

என் அண்ணனுக்குச் சலூனில் பஞ்சுக்கை என்று பெயர். சவரம் செய்யும்போது தப்பித் தவறி ஒரு புள்ளி சிவந்தால் போதும், கத்தியைக் கீழே வைத்துவிடுவான். "ரத்தத்தப் பாத்தா கை நிக்கணும், அதான் தொழில்" என்பான். அந்தப் புத்திதான் எங்கள் குடியைக் கெடுத்தது.

அவன் மகளுக்குப் பதினொரு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கழுத்து நிற்காது, கைகால் முறுக்கிக்கொள்ளும், பேச்சு வராது. ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே! வாசலில் அப்பன் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே வாய் காதுவரை போகும். "எங்க வீட்டு லைட்டு போட்டாச்சு" என்றபடி உள்ளே வருவான்.

அண்ணி ஊட்டிவிடுவாள், பல் தேய்ப்பது அண்ணன். பிரஷ் உள்ளே போனதும் பிள்ளையின் தாடை தானாக இறுகிக் கடித்துவிடும். வலிப்பு மருந்து வேறு ஈறைத் தடிக்க வைத்திருந்தது. ஒருநாள் நுரை சிவப்பாக வந்தது. பிரஷைக் கீழே வைத்துவிட்டான். மறுநாளும் ரத்தம். அதோடு ஈரத்துணியால் உதட்டைத் துடைப்பதுதான் பல் தேய்ப்பது என்றாகிவிட்டது.

"புண்ணு ஆறட்டும்" என்றான். எங்கே ஆறியது? வாய் நாறியது, சாப்பாட்டைத் துப்பினாள். நான் சொன்னால் கேட்டால்தானே. கன்னம் வீங்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா தேய்க்கல?" என்று கேட்டார்.

"ஒரு வருஷமா. ரத்தம் வந்துச்சும்மா, அதான் விட்டுட்டேன்."

"அழுக்கு சேந்துதான் ஈறுல ரத்தம் வருது. தேய்ச்சிருந்தா நின்னிருக்கும். முன்பல்லு நாலும் போச்சுப்பா, எடுத்துத்தான் ஆகணும். இனிமே முளைக்காது."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இனிமே பின்னாடி நின்னு, தலைய உங்க நெஞ்சுல சாய்ச்சுப் பிடிச்சுத் தேய்ங்க" என்று பொறுமையாகச் செய்து காட்டினார். சலூனில் அண்ணன் ஊரார் தலையை எல்லாம் அப்படித்தானே பிடிக்கிறான். பெற்ற மகளுக்கு மட்டும் எதிரே உட்கார்ந்து தேய்த்தான், அவள் சிரிப்பதைப் பார்க்க.

பல் பிடுங்கிய புண் ஆறியதும், கடை விடுமுறை நாளில் அவளைச் சலூன் நாற்காலியில் உட்கார வைத்தான். தலையை நெஞ்சில் சாய்த்து, மடித்த துணியைக் கடைவாயில் கொடுத்து, தேய்க்க ஆரம்பித்தான். ரத்தம் வந்தது. கை எழும்பி அப்படியே நின்றது. பிறகு மறுபடியும் ஈறில் இறங்கியது. கண்ணீர் அவள் தலைமுடியில் சொட்டியது.

"அழுதுக்கிட்டே தேய்க்காதண்ணா, கை தவறிடும்" என்றேன்.

வாயைத் துடைத்துவிட்டு, "முடிஞ்சுதுடா கண்ணு, அப்பாவுக்கு லைட்டு போடு" என்றான்.

அவள் சிரித்தாள். எதிரே பெரிய கண்ணாடி. முன்பல் இல்லாத வாயை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. உதடுகள் மெல்ல ஒட்டிக்கொண்டன. எச்சில் வழியாமல் உதட்டை மூடச் சொல்லி எத்தனை வருஷம் பயிற்சி கொடுத்திருப்போம், ஒருநாளும் மூடாத பிள்ளை.

அண்ணன் துண்டை எடுத்துக் கண்ணாடிமேல் போட்டான். அவள் வாயைத் திறக்கவில்லை.