ஒன்றாம் எண் பார்க்கிங்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடக்கு மூலையில், காகித ஆலையை நம்பிப் பிழைக்கும் ஓர் ஊரில் பிறந்த வெர்லின் ஸ்கூபல், மனிதப் பிறவி எட்டக்கூடிய உச்சத்தை ஐம்பத்து மூன்று வயதில் எட்டியிருந்தார். ஆலை கேட்டை ஒட்டிய ஒன்றாம் எண் பார்க்கிங் பதினோரு மாதமாக அவருடையது. ஜனவரியில் மற்றவர்கள் கடைக்கோடி மைதானத்தில் காரை விட்டு, முழங்கால் பனியில் பன்னிரண்டு நிமிடம் நடந்து வருவார்கள். வெர்லின் பதினாறே அடி எடுத்து வைப்பார். அதையும் நிதானமாக வைப்பார்.

மாதத்தில் யாருடைய ஷிப்டில் இயந்திரம் குறைந்த நேரம் நிற்கிறதோ அவருக்கு அந்த இடம். தோற்றுத் தோற்று அலுத்துப்போனவர், அடுத்த ஷிப்டைப் பார்க்கும் லோர்னா பெல்டோனென்.

இந்த வெற்றிக்கு மூலகாரணம், உருளையைத் தாங்கும் பேரிங் மேல் ஒட்டியிருந்த பிஸ்கட் அளவு சென்சார். அதிர்வு, சூடு எதிலாவது சந்தேகம் வந்தால் அது திரையில் கேட்கும்: 'உண்மைக் கோளாறா? வீண் பயமா?' உண்மை என்றால் இயந்திரத்தை மெதுவாக நிறுத்திச் சோதிப்பார்கள். நாற்பது நிமிடம் போய்விடும். ஆகவே வெர்லின் 'வீண் பயம்' என்றே அழுத்தினார். ஓராண்டில் நானூற்றுப் பன்னிரண்டு முறை. சென்சாருக்குத் தைரியம் புகட்டுவதாகவே அவர் மனதார நம்பினார். கஸ் என்று பெயர் வைத்து, தினமும் துணியால் துடைத்து, "பயப்படாதடா, அண்ணன் இருக்கேன்ல" என்பார். தங்களிடம் அவர் இவ்வளவு பேசியதில்லை என்பது, அவருடைய முன்னாள் மனைவியர் இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம்.

ஜனவரி முப்பத்தொன்று, காலை ஆறே முக்கால். லோர்னாவைவிட ஐம்பது நிமிடம் முன்னிலை. அப்போது பேரிங் உறுமியது. கருகல் வாடையும் வந்தது. கஸ் வழக்கம்போலக் கேட்டது. வெர்லின் முதல் முறையாக 'உண்மை' என்று அழுத்தினார். நாற்பது போனாலும் பத்து மிச்சம்.

திரையில் பதில் வந்தது: 'இந்த ஆபரேட்டரின் பதில்களை மெக்கானிக்குகள் கண்டறிந்தவற்றோடு ஒப்பிட்டதில், நம்பகத்தன்மை மூன்று சதவீதம். இன்னொரு ஆபரேட்டர் நேரில் வந்து உறுதிசெய்யவும்.'

"டேய் கஸ்! நான்தான்டா! வெர்லின்!"

கஸ் அசையவில்லை. பக்கத்திலேயே அவசரச் சிவப்புப் பொத்தான் இருந்தது. ஆனால் அதை அழுத்தினால் இயந்திரம் சடாரென நின்று, காகிதமெல்லாம் கிழிந்து, அள்ளிப்போட ஐந்து மணி நேரம் ஆகும். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு லோர்னாவுக்குப் போன் போட்டார்.

"எங்க இருக்க? ஓடி வா!"

"எங்க இருப்பேன்? உன் புண்ணியத்துல கடைக்கோடியில காரை விட்டுட்டுப் பனியில நீந்திட்டிருக்கேன்."

"பேரிங் போகுது. நீ வந்து ஆமான்னு அழுத்தணும்."

"ஏன், உனக்கு விரல் இல்லையா?"

"அது... என்னை நம்ப மாட்டேங்குது."

மறுமுனையில் ஒரு நிமிடம் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

"பெட்டிக்கு இருக்கற புத்தி எனக்கு இல்லாமப் போச்சே! யோவ், சிவப்பை அமுக்கித் தொலையேன்யா!"

"அஞ்சு மணி நேரம் போயிடும் லோர்னா."

"அப்ப காத்திருங்க துரை. ஓடினா நான் விழுந்துடுவேன்."

அவர் காத்திருந்தார். லோர்னா பூட்ஸ் பனியை உதறியபடி உள்ளே நுழைய, பேரிங் இறுகிக்கொண்டது, உருளை நின்றது, ஈரக் காகிதம் கிழிந்து பறந்து வெர்லினைத் தலைமுதல் கால்வரை போர்த்தியது. யார் ஷிப்டில் நின்றதோ அவர் கணக்கு என்பது விதி; ஷிப்ட் முடிய மூன்று நிமிடம் பாக்கி இருந்ததால், இயந்திரம் நின்ற ஒன்பது மணி நேரமும் அவர் தலையிலேயே விழுந்தது.

பிப்ரவரி முதல் தேதி வெர்லின் பன்னிரண்டு நிமிடம் நடந்து வந்தார். ஒன்றாம் எண்ணில் லோர்னாவின் துருப்பிடித்த பிக்கப் வண்டி நின்றது. உள்ளே, புதிய பேரிங் மேல் கஸ் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

"நானூத்திப் பன்னெண்டு தடவை உனக்குத் தைரியம் சொன்னேன்டா," என்றார் வெர்லின். "ஒரே ஒரு தடவை நீ எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?"

துணியை எடுத்தார். பனி படிந்த தம் மூக்குக்கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டு, துணியைப் பையில் வைத்தார்.