பேனருக்குப் பின்னால் மடிந்த தாய்மாமன்

சம்பந்தியம்மாளைப் பற்றிப் பாதியில் நிறுத்தினேன், இல்லையா? குணம் கெட்டவள் இல்லை. போட்டோ ஆசைதான் கொஞ்சம் அதிகம். நீ பத்திரிகைக்கெல்லாம் எழுதி அனுப்புகிறாயே, இதையும் எழுது. எனக்குத்தான் எழுத்து தெரியாது.

போன ஆவணியில் பாரிவாக்கத்தில், என் மகள் வீட்டில், பேத்திக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். என் மகனோ தங்கையோடு சண்டை போட்டு, சில வருஷமாக அந்த வாசலை மிதிக்காதவன். கெஞ்சிக் கூத்தாடி அவனை வரச் சம்மதிக்க வைத்திருந்தேன்.

பேனர் அடிக்க நானும் சம்பந்தியும் பூந்தமல்லியில் ஒரு டிசைன் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து, ஆட்களைச் சோழி மாதிரி நகர்த்திக்கொண்டிருந்தாள். எனக்கு வேடிக்கை பார்த்து அலுக்கவில்லை. சம்பந்தி தன் பக்கத்து ஆட்களையெல்லாம் பெரிதாக்கச் சொன்னதில், என் மகன் ஓரத்துக்குப் போய்விட்டான்.

"ஆயா, ஓரத்துல மார்ஜின் உடணும். மூஞ்சி அங்க வரக்கூடாது," என்றாள் அந்தப் பெண்.

"சும்மா கீற எடம்தானே, தள்ளும்மா," என்றாள் சம்பந்தி.

விசேஷத்தன்று காலையில் வாசலில் பேனர் ஏறிவிட்டது. நான் எழுத்தையா படிக்கப் போகிறேன்? முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் என் மகனுடைய ஒரு காது மட்டும் இருந்தது. மீதி முகத்தைக் காணோம். திருமழிசையில் பஸ் ஏறிவிட்டேன் என்று அப்போதுதான் போன் செய்திருந்தான். இதைப் பார்த்தால் வாசலோடு திரும்பிவிடுவான்.

மகள் கடைக்குப் போன் போட்டாள். புதிதாக அடிக்க நேரமில்லை என்று அந்தப் பெண்ணே ஸ்கூட்டியில் வந்துவிட்டாள்.

"இன்னாம்மா, எம் புள்ளய வெட்டிட்டியே," என்றேன்.

"வெட்டல ஆயா. பிரேமுக்குப் பின்னால மடிச்சி ஆணி அடிச்சிக்கீறாங்க. சுத்தி எக்ஸ்ட்ரா உடுவோம், பிளீட்னு. நீங்க தள்ளச் சொன்னப்பவே, அந்தப் பக்கம் ஒரு சாண் கூடவே உட்டேன். அண்ணன் பத்திரமா கீறாரு."

பந்தல்காரர் அந்தப் பக்கத்து ஆணியைப் பிடுங்கி, பிரேமை அகலமாக்க ஒரு ரீப்பர் கட்டையைக் கூடச் சேர்த்து இழுத்து அடித்தார். கண், மூக்கு, மீசை என்று என் பிள்ளை மெல்ல வெளியே வந்தான்.

"இம்மாம் பெரிய மூக்க எப்டித்தான் மடிச்சாங்களோ," என்றாள் சம்பந்தி. ஆனாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான்.

சீர்த்தட்டோடு வந்த என் மகன், முதலில் பேனரைத்தான் நிமிர்ந்து பார்த்தான்.

"பழைய போட்டோவப் போட்டுக்கீறீங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்க் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டான். தங்கை காபி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தான்.

அந்தப் பெண்ணைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கடையில் இன்னும் கல்யாண பேனர் கிடக்கிறது என்று கிளம்பிவிட்டாள். மார்ஜின், பிளீட் என்று இப்போது நானும் வாய் நிறையச் சொல்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நாங்கள் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டோம் என்று தெரிந்து, கோபப்படாமல் கூடுதலாக இடம் விட்டு வைத்தாளே, அந்த ஒரு சாணில்தான் என் பிள்ளை தங்கை வீட்டுக்குள் காலெடுத்து வைத்தான். இரு, தண்ணீர் லாரி வந்துவிட்டது, குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.